மூன்று மணிக்கு இறங்கும் பிளைண்ட்

வேலை முடிந்து மாடியேறிய மனைவி முதலில் பார்த்தது கணவனை அல்ல, ஜன்னலை. காலையில் பாதியில் கோணலாகத் தொங்கிய பிளைண்ட் திரை, ஒரு பட்டை பிசகாமல் அடிவரை இறங்கியிருந்தது. "அட, சரி பண்ணிட்டாரே!" என்று வாய்விட்டே சொன்னாள். அப்புறம்தான் மேஜைமேல் தலை கவிழ்ந்து கிடந்தவரைத் தொட்டாள். உடம்பு ஜில்லிட்டிருந்தது.

காபியில் தூக்க மாத்திரை, அளவுக்கு மீறி. காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்த சண்டையை அக்கம்பக்கமெல்லாம் கேட்டிருந்தது. அப்புறமென்ன? தற்கொலை, அவள் வாய்தான் மனுஷனைக் கொன்றது என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாவம், அவளும் அதை நம்பிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு மட்டும் கேஸை மூட மனசு வரவில்லை. ஒரு வாரம் கழித்து, மதியம் 2.40-க்கு, அந்த அறைக்கு வந்தார். பிளைண்ட் உயர்த்தியிருந்தது. எதிர்வீட்டு மாடியில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்த பெரியவர், கூச்சமே இல்லாமல் இந்த அறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா சண்டை அன்னிக்கு?"

"இந்தப் பிளைண்டுதான் மேடம். கயிறு அறுந்து மாசக்கணக்கா அப்படியே கிடந்தது. ரிப்பேர் கடை நடத்தறவர் வீட்டுல ஒரு ஜன்னலைச் சரி பண்ண ஆள் இல்லையான்னு கேட்டேன். 'கடைக்குப் புது ஆள் வர்றான், அவனைப் பார்க்கச் சொல்றேன்'னார். வேண்டாம், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னேன். 'நாளைக்குப் பார்க்கலாம்'னார். உங்களுக்கெல்லாம் எதுக்கு வீடு, எதுக்குப் பெண்டாட்டின்னு கத்திட்டுப் போயிட்டேன். அதான் கடைசியாப் பேசினது."

"அப்புறம் அவரே சரி பண்ணிட்டாரா?"

"அவரா? கல்லாவுல உட்கார்ந்து பில் போடுவார், அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. கைவேலை பூரா அவர் தம்பிதான்." அவள் குரல் இறங்கியது. "உயிர் போன பிறகுதான் மேடம் சரி பண்ணியிருக்கார், நான் கத்தினேன்னு. நான் தினமும் ஏத்தி விடறேன். மூணு மணியானா தானா இறங்குது. வர்றார் மேடம்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மேற்கு வெயில் மெல்ல நகர்ந்து ஜன்னலின் தலையைத் தொட்டது. இரண்டு பெண்களும் மூச்சுவிடாமல் நின்றார்கள். மேலே 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு சரசரவென்று பட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின, யாரோ பொறுமையாகக் கயிற்றை விடுவதுபோல. எத்தனையோ பிணத்தைப் பார்த்த இன்ஸ்பெக்டர் தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினார். அறை இருட்டியது.

"பார்த்தீங்களா?" என்றாள் அவள். முகத்தில் பயம் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது.

படியில் காலடிச் சத்தம். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பிய அவள் கொழுந்தன் வாசற்படியிலேயே நின்றான்.

"உள்ள வாங்க. அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"கடையில. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு வேலை பார்த்துட்டிருந்தேன்."

"இந்த ரூமுக்குக் கடைசியா எப்ப வந்தீங்க?"

"வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அண்ணனோட மனஸ்தாபமா?"

"சேச்சே! நேரம் இல்ல, அவ்வளவுதான்."

பேச்சு இங்கே, கண் வேறெங்கோ. நாற்காலியில் கிடந்த இன்ஸ்பெக்டரின் கைப்பையில் ஜிப் வாயைப் பிளந்து கிடந்தது. கேட்காமலேயே எடுத்துக் கையில் புரட்டினான்.

"பழசு. புதுப் பை வாங்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எதுக்கு மேடம்? எதையும் தூக்கிப் போடக் கூடாது. சரி பண்ண முடியாத சாமானே கிடையாது." சட்டைப்பையிலிருந்து மெல்லிய செம்புக் கம்பி வந்தது. இரண்டு முறுக்கு. முனையை நகத்தால் உள்ளே மடக்கினான். "வெளிய நீட்டிட்டிருந்தா கையைக் குத்தும்."

"தம்பி, இந்தப் பிளைண்டையும் பாருங்களேன்" என்றாள் அண்ணி. "நிக்க மாட்டேங்குது."

"அது வேண்டாம் அண்ணி, தூக்கிப் போட்டுடலாம். நாளைக்கே புதுசு மாட்டறேன். இதை இப்பவே கழட்டி எடுத்துட்டுப் போயிடறேன்."

இன்ஸ்பெக்டர் ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வெண்ணெயாக ஓடியது. பிறகு நாற்காலியை ஜன்னலருகே போட்டு ஏறி, பிளைண்டின் மேல்பெட்டி மூடியை நெம்பினார். செல்போன் வெளிச்சத்தில் வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"என் ஓட்டைப் பையைத் தூக்கிப் போட மனசு வராத ஆளு, இதைத் தொட்டுக்கூடப் பார்க்காம குப்பையில போடச் சொல்றீங்களே, ஏன்?"

அவன் கை சட்டைப்பையைப் பொத்தியது.

"காலையில அறுந்து கிடந்தது, சாயங்காலம் இறங்கியிருந்தது. நடுவுல யாரோ சரி பண்ணியிருக்காங்க. உங்க அண்ணனுக்கு அந்த வேலை தெரியாது. அப்போ அன்னிக்குக் காபியோட இங்க வந்தது நீங்கதான். அவர் சாயறவரைக்கும் எதிர்வீட்டுக் கண்ணு உள்ள படக் கூடாது. பிளைண்டை இறக்கிப் பார்த்தீங்க, வரலை. ஒரு போர்வையைத் தொங்க விட்டிருந்தாப் போதும். ஆனா உடைஞ்சதைக் கண்டா உங்க கை சும்மா இருக்காதே! உள்ள இதே செம்புக் கம்பி, இதே ரெண்டு முறுக்கு. முனையை மடக்கியிருக்கீங்க. கொலை பண்ற நேரத்துலயும் யார் கையையும் குத்திடக் கூடாதுன்னு!"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அவசரத்துல கயித்தைப் பிடிக்கிற கிளிப் மட்டும் சரியா உட்காரலை. மூணு மணி வெயில் பட்டதும் இளகி விட்டுடுது."

"புது ஆள் பார்த்துட்டேன், நீ கிளம்புன்னார் மேடம்" என்று தன் கைகளைப் பார்த்தபடி சொன்னான். "நான் இப்பெல்லாம் மெதுவாம். தேஞ்ச மோட்டாரை மாத்தற மாதிரி சொன்னார். சொந்தத் தம்பி மேடம். ஒரு தடவை சரி பண்ணிப் பார்க்கக் கூடாதா?"

கான்ஸ்டபிள்கள் அவனையும் பிளைண்டையும் கீழே கொண்டுபோனார்கள்.

இன்ஸ்பெக்டர் அவள் தோளைத் தொட்டார். "உங்க பேச்சால அவர் சாகலை. இனிமே யாரும் உங்களைக் கைநீட்டிச் சொல்ல முடியாது. புரியுதாம்மா?"

அவள் தலையாட்டினாள். ஒரு வாரமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுது ஓய்ந்து, மொட்டையாக நின்ற ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்போ, அவர் வரவே இல்லையா மேடம்?"

இன்ஸ்பெக்டர் ஜன்னலருகே கிடந்த நாற்காலியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு, பிளைண்ட் இல்லாத அந்த ஜன்னலுக்கு எதிரே நாற்காலி போட்டு அவள் காத்திருந்ததை எதிர்வீட்டுப் பெரியவர் பார்த்தார். அன்று முதல்முறையாக அவர் பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே எழுந்து போனார்.