நடுக்குழிப் பணியாரம்

கல்பாக்கத்தில் இரும்பில் எதை வாங்கினாலும் பாதி நமக்கு, பாதி கடற்காற்றுக்கு. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கதவுத் தாழ்ப்பாள் என்று அந்த உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிரதீபாவுக்கும் இது நன்றாகத் தெரியும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

அன்று பள்ளியில் உணவுத் திருவிழா. அம்மா லதா சுட்டுக் கொடுத்த இனிப்புப் பணியாரம் பத்தே நிமிடத்தில் காலியாகிவிட்டது. பணியாரம் இவர்களுடையது, பணியாரக்கல் மாடி வீட்டு ஜாக்குலின் ஆன்ட்டியுடையது. ஏழு குழிகள் உள்ள, கனமான, கன்னங்கரேல் என்ற பழைய வார்ப்பிரும்புக் கல்.

"இரவல் வாங்கினதைப் பளபளன்னு திருப்பிக் கொடுக்கணும்" என்றாள் பிரதீபா. "பாவம், ஆன்ட்டிக்கு ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை. தேய்க்க நேரமே இருந்திருக்காது. எவ்ளோ கரி பாரு!"

தம்பி நிதின் இரண்டாம் வகுப்பு. அவனையும் உட்கார வைத்தாள். சுற்றி இருக்கும் ஆறு குழிகள் அக்காவுக்கு, நடுக்குழி தம்பிக்கு. சோப்பு, கம்பி நார், அப்பாவின் கருவிப் பெட்டியில் இருந்த உப்புத்தாள் எல்லாம் வந்தன. பிரதீபா ஒரு மணி நேரம் தேய் தேய் என்று தேய்த்தாள்.

நிதின் நடுக்குழியில் சோப்பு நுரையை வைத்து, அதில் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைந்தான். பிறகு டிவி பார்க்க ஓடிவிட்டான்.

"தேச்சுட்டியாடா?"

"தேச்சுட்டேன்!"

பிரதீபா கல்லைக் குழாயில் காட்டிக் கழுவி, தண்ணீர் வடியட்டும் என்று பின்பக்க பால்கனியில் கவிழ்த்து வைத்தாள். அத்தோடு மறந்துவிட்டாள்.

புதன்கிழமை பள்ளி விட்டு வரும்போது ஜாக்குலின் ஆன்ட்டி படியில் எதிரே வந்தார்.

"ஏம்மா பிரதீபா, கல்லு சனிக்கிழம காலையில வேணும்மா. அன்னைக்கு எங்கம்மா இறந்த நாளு. வருஷா வருஷம் அதுலதான் பணியாரம் சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன்."

"சரி ஆன்ட்டி."

"எங்கம்மா கல்லு அது. தூத்துக்குடியில இருந்து அந்த ஒண்ணத்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன். கறுப்பா இருக்குல்ல, அது நாப்பது வருஷமா எங்கம்மா ஊத்துன எண்ணெய். நான் ஒருநாள்கூட அதுல சோப்பு போட்டதில்ல, பாத்துக்க."

பிரதீபா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடிப் பையை வீசிவிட்டு, பால்கனியில் கவிழ்ந்து கிடந்த கல்லைத் திருப்பினாள்.

செங்கல் பொடியைத் தூவியதுபோல ஆறு குழிகளிலும் துரு. தொட்டால் விரலில் ஒட்டியது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒருவருக்கு நல்லது செய்யப் போய், அவருடைய அம்மாவையே தேய்த்து எடுத்ததுபோல இருந்தது. அழுகை வந்தது.

நிதின் எட்டிப் பார்த்தான். கல்லைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"அக்கா, திட்டாத. நான் பொய் சொல்லிட்டேன். நான் தேய்க்கவே இல்ல."

அப்போதுதான் பிரதீபா நடுக்குழியைக் கவனித்தாள். அது மட்டும் கன்னங்கரேல் என்று, எண்ணெய் மினுமினுப்போடு, முன்பு இருந்தபடியே இருந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டேய், கறுப்பு இருந்த இடத்துல துரு பிடிக்கலடா. அப்ப அது கரியே இல்ல. நம்ம வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்காங்கல்ல, அது மாதிரி. பெயிண்ட் போன இடத்துலதானே கேட்டும் துருப்பிடிக்குது?"

"அப்ப நான் சோம்பேறியா இருந்தது நல்லதா?" என்றான் நிதின் கவனமாக.

"இந்த ஒரு தடவ மட்டும்!"

செங்கல்பட்டு ஆபீசிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்த அம்மா, கல்லைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எனக்கு நான்ஸ்டிக்கத் தவிர வேற எதையும் பராமரிக்கத் தெரியாதேடி! புதுசா ஒண்ணு வாங்கிக் கொடுத்துடலாமா?"

"புதுசுல அவங்க அம்மா ஊத்துன எண்ணெய் இருக்காதேம்மா" என்றாள் பிரதீபா.

அம்மா கைப்பையை இறக்கி வைத்தாள். "சரி, வீட்ல இருக்கறத எது வேணாலும் எடுத்துக்கோ. அடுப்பு பத்த வைக்கறப்ப மட்டும் என்னைக் கூப்பிடு" என்றாள்.

பிரதீபா யோசித்தாள். குத்துவிளக்கு மங்கினால் அம்மா எதைப் போடுவாள்? புளி! ஆறு குழிகளிலும் புளிக்கரைசலை ஊற்றி ஒரு மணி நேரம் ஊற வைத்தாள். நடுக்குழியில் மட்டும் ஒரு சொட்டுக்கூட விழாமல், நிதினின் பழைய பனியனைச் சுருட்டி அடைத்தாள். பாதித் துரு கரைந்து வந்தது. துடைத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை காலையில் பார்த்தால் மறுபடியும் சிவப்பு!

"சரியா காயலடி" என்றாள் அம்மா. "நம்மூர் காத்துக்குக் கொஞ்சம் ஈரம் போதுமே."

பள்ளியில் அன்று பிரதீபாவுக்குக் கணக்கு மண்டையில் ஏறவில்லை. மீதித் துருவை உப்புப் போட்டுத் தேய்த்தால் போகும். ஆனால் குழிக்குள் விரலால் தேய்த்தால் விரல் எரிகிறது. கம்பி நாரை வைத்தால் மறுபடியும் கீறிவிடும். குழிக்குள் சரியாக உட்காருகிற மாதிரி உருண்டையாக, ஈரமாக ஏதாவது வேண்டும். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். உருளைக்கிழங்கு வறுவல்!

சாயங்காலம் காய்கறி வண்டியோடு தனகோடி அக்கா வந்தபோது, பிரதீபா பணியாரக்கல்லைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாள். ஒவ்வொரு கிழங்காக எடுத்துக் குழிக்குள் வைத்துப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா இது? உருளக்கெயங்க தொட்டில்ல போட்டுத் தாலாட்டிகினு கீறே?"

"இதால துருவைத் தேய்க்கணும்க்கா. குழிக்குள்ள கச்சிதமா உக்காரணும்."

"அட, அப்டிச் சொல்லு. அதுக்குப் பெரிசு எதுக்கு? இந்தா, பொடிக் கெயங்கு கீது பாரு. பாதியா அறுத்துக்கோ. நானும் இருவது வருசமா கெயங்கு விக்கிறேன், அளவு பாத்து வாங்கற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்."

கிழங்கைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தில் கல்லுப்பைத் தொட்டு, குழியில் வைத்துத் திருகினாள். கரகரவென்று சத்தம் வந்தது. கிழங்கு சிவப்பானது, குழி சாம்பல் நிறமானது. பழைய டூத் பிரஷால் ஓரங்களைத் தேய்ப்பது நிதினின் வேலை. இந்த முறை அவன் நிஜமாகவே தேய்த்தான். கழுவியதும் துணியால் துடைத்து, அம்மா தலைமுடி காய வைக்கும் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து ஏழு குழிக்கும் சூடாக ஊதினார்கள்.

"பணியாரக்கல்லுக்கு பியூட்டி பார்லரா?" என்று அம்மா சிரித்தாள்.

பிறகு அடுப்பில் வைத்துக் கல்லைச் சூடாக்கினார்கள். நாற்பது வருட எண்ணெயை ஒரே நாளில் ஊற்றிவிடலாம் என்று நினைத்து, பிரதீபா ஆறு குழிகளிலும் நல்லெண்ணெயை நிறைய ஊற்றினாள். அரை மணி நேரம் அடுப்பில் கிடந்ததில் சமையலறை முழுக்கப் புகை. ஆறிய பிறகு எண்ணெயைக் கொட்டிவிட்டுத் தொட்டுப் பார்த்தால், ஆறு குழியும் கோந்து தடவியதுபோலப் பிசுபிசுத்தது.

"போச்சு, ஈ ஒட்டிக்கும்" என்றான் நிதின்.

பிரதீபா சளைக்கவில்லை. நடுக்குழியை விரலால் தடவிப் பார்த்தாள். அதில் பிசுக்கே இல்லை. வழவழவென்று இருந்தது. ஆன்ட்டியின் அம்மா நிறைய ஊற்றியிருக்க மாட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டிருப்பார். அதுதான் நாற்பது வருடம்.

வெள்ளிக்கிழமை பிசுக்கையெல்லாம் உப்பும் கிழங்கும் வைத்துத் தேய்த்து எடுத்தாள். ஒரு சின்ன வெங்காயத்தை நறுக்கி முட்கரண்டியில் குத்தி, எண்ணெயில் லேசாகத் தொட்டு, சூடான ஆறு குழிகளிலும் தடவினாள். மிச்ச எண்ணெயைப் பழைய பனியன் துணியால் அம்மா துடைத்து எடுத்தாள். புகை அடங்கும்வரை சூடு, பிறகு மறுபடியும் தடவல். முதல் முறை குழிகள் பழுப்பாயின, மூன்றாம் முறை காப்பிக்கொட்டை நிறம் வந்தது. ஆறாம் முறைக்குள் ஆறு குழிகளும் கறுக்கத் தொடங்கிவிட்டன.

"பழகுதுடி கல்லு!" என்று அம்மாவே கத்திவிட்டாள்.

சனிக்கிழமை காலை சோதனை. மாவை ஊற்றிவிட்டு மூவரும் கண் கொட்டாமல் நின்றார்கள். பிரதீபா ஐஸ்கிரீம் குச்சியால் நெம்பினாள். நடுக்குழிப் பணியாரம் துள்ளிக்கொண்டு வந்தது. மற்ற ஆறும் பிய்ந்து வந்தன.

"இது பணியார உப்புமா" என்று நிதின் ஒரு தட்டு நிறையத் தின்றான்.

இரண்டாம் ஈட்டில் மூன்று முழுசாக வந்தன. நான்காம் ஈட்டில் ஏழும் உருண்டுகொண்டு வந்தன. பிரதீபா குதித்த குதியில் ஐஸ்கிரீம் குச்சி எங்கோ பறந்துவிட்டது.

இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று அம்மா எப்போதும் சொல்வாள். அதனால் ஆறிய கல்லிலேயே, குழிக்கு ஒன்றாக ஏழு பணியாரங்களை வைத்தார்கள்.

"பழையபடி ஆயிடுச்சே. இனிமே ஆன்ட்டிகிட்டச் சொல்லணுமா என்ன? அவங்களுக்குத் தெரியவே தெரியாது" என்றாள் அம்மா, கொஞ்சம் தயக்கத்தோடு.

பிரதீபா கல்லைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாள். நிதின் பின்னாலேயே வந்தான். பார்க்கிறவர்களுக்குத் தெரியாதுதான். ஆனால் ஆன்ட்டி அந்தக் குழிகளைத் தொடும்போதெல்லாம் தன் அம்மாவைத் தொடுவதாக நினைத்துக்கொள்வாரே! அது பொய்யாக இருக்கக் கூடாது.

கதவு திறந்ததும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள். "ஆன்ட்டி, கரின்னு நினைச்சு உங்க அம்மா எண்ணெயத் தேச்சு எடுத்துட்டேன். துருப்பிடிச்சிடுச்சு. இப்ப இருக்கறது நான் போட்ட எண்ணெய். உங்க அம்மாவோடது இல்ல. சாரி ஆன்ட்டி."

ஜாக்குலின் ஆன்ட்டி கல்லை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"கோவம் வருது பிள்ள. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.  பிரதீபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா நடுக்குழி மட்டும் உங்க அம்மாவோடதுதான் ஆன்ட்டி. அதை நாங்க தொடவே இல்ல."

ஆன்ட்டி நடுவில் இருந்த பணியாரத்தை எடுத்துவிட்டு, குழியைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். இன்னொரு தரம் தடவினார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆமா. இது அம்மாதான். இத யாரு தொடாம விட்டது?"

"நான்தான்" என்றான் நிதின், அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருந்து. "சோம்பேறித்தனம்."

அழுதுகொண்டிருந்த ஆன்ட்டி சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கையில் இருந்த பணியாரத்தைக் கடித்துப் பார்த்தார். பிறகு மற்ற ஆறு பணியாரங்களையும் எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு குழியாகத் தடவிப் பார்த்தார்.

"மூணு நாள்ல இவ்வளவு பழக்கியிருக்கியே! நான் இந்தக் கல்லுக்கு எண்ணெய் போடுறதே வருஷத்துக்கு ஒரு நாள்தான். சாயங்காலம் வந்துரு பிள்ள. எனக்கு ஒரு கை வேணும்."

சாயங்காலம் ஆன்ட்டியின் வீடு முழுக்கப் பிள்ளைகள். அவருடைய அம்மாவின் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்தது. அடுப்பில் கல் காய்ந்ததும், ஆன்ட்டி எண்ணெய்க் கரண்டியைப் பிரதீபாவிடம் நீட்டினார்.

"ஆறு குழிக்கும் நீ விடு. நடுவுக்கு நான் விடுறேன்."

பிரதீபா ஒவ்வொரு குழிக்கும் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஊற்றிய மாவு வெந்து உப்பியது. ஆன்ட்டி நெம்பியதும் ஏழும் பிய்யாமல் கிளம்பின. நடுக்குழிப் பணியாரம் முதலில் படத்துக்குப் போனது.

"அடுத்த ஈட்டுல நடுக்குழி எனக்கு!" என்று கை நீட்டினான் நிதின். "அதை நான்தான் காப்பாத்தினேன். தேய்க்காம!"

"உனக்குத்தாண்டா ராசா" என்று ஆன்ட்டி மறுபடியும் மாவுக் கரண்டியை எடுத்தார். பிரதீபா அதற்குள் கரண்டியில் எண்ணெய் எடுத்துத் தயாராக நின்றாள்.