கண்டிப் பக்கம்

"என்ன சிரிப்பு?"

தனுஜா கேட்ட வேகத்தில், தோளில் இளநீர்க் குலையோடு வந்த அந்த இளைஞன் அப்படியே நின்றுவிட்டான்.

சிரித்தது உண்மைதான். உதட்டை மடித்து மறைக்கப் பார்த்தான். ஆனால் கண்ணில் மிச்சம் இருந்தது... மழை ஓய்ந்த பிறகு இலை நுனியில் தங்கி நிற்கும் துளியைப் போலப் பளபளக்கிற கண்கள். அதைக் கவனித்துவிட்டதற்காக அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

அம்மா நாகலெட்சுமி இது எதையும் கண்டுகொள்ளவில்லை. கடற்கரைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சவர்க்காரத் துண்டால் காலை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"புல்லெல்லாம் நனைஞ்சு கெடக்கு. நம்ம மலை அட்டைன்னா பழக்கம்... கொழும்பு அட்டை எப்படிக் கடிக்குமோ, யாரு கண்டா? சவுக்காரம் பூசுனா ஒட்டாது... நீயும் பூசிக்க புள்ள!"

அவன் குலையை மெல்ல இறக்கி வைத்தான்.

"இங்க அட்டை இல்லைங்கம்மா. கடலே உப்புத் தண்ணிதானே... உப்பக் கண்டா அட்டை நிக்குமா?"

நாகலெட்சுமி கையை நிறுத்தி யோசித்தாள்.

"அட, ஆமால்ல!" என்று அவளே வாய்விட்டுச் சிரித்தாள்.

தனுஜா சிரிக்கவில்லை. இன்று அவள் அம்மாவைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

காரணம் இருந்தது. காலையில் கொழும்பை அடுத்த வத்தளையில், சித்தி ராசம்மா வீட்டில், அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வங்கி வேலை. எல்லாம் நன்றாகத்தான் போனது. எழுந்திருக்கும்போது அவர் தணிந்த குரலில் சொன்னார்... "கல்யாணத்துக்கு எங்க ஆபீஸ் ஆளுங்க வருவாங்க. யாராவது கேட்டா, அம்மா வீட்டோட இருக்காங்கன்னு சொல்லிருங்க. கொழுந்து பறிக்கிறாங்கன்னு வேணாமே..."

தட்டில் இருந்த பலகாரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து, கைகூப்பி, "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள் தனுஜா. அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தில் படித்துத்தான் அவள் இன்று தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. அந்த அம்மாவை ஒளித்து வைத்துவிட்டு ஒரு தாலியா? வாழ்நாள் முழுக்கத் தனியாக இருந்தாலும் சரி... அம்மாவின் வேலையை நாலு பேர் முன்னால் வாய்கூசாமல் சொல்லக்கூடியவனுக்குத்தான் கழுத்தை நீட்டுவது. அது முடிவாகிவிட்டது.

பிறகுதான், "வந்தது வந்தோம்... கடலையாவது பாத்துட்டுப் போவோம்மா" என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். சித்தி சொன்ன இடம் இது. பெயர்ப் பலகைகூடக் கிடையாது. தாழம்புதர்களுக்கு நடுவே பாதை இறங்கியது. கரையேற்றிய மூன்று படகுகள், ஓலை வேய்ந்த ஒரு சாப்பாட்டுக் கடை... அப்புறம் கடல் மட்டும்தான். தெற்கே தூரத்தில், கொழும்புத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தீக்குச்சிகள் போலத் தெரிந்தன. அவ்வளவு பெரிய நகரம் பக்கத்தில் இருந்தும் ஒரு சத்தம் இல்லை.

"எந்த ஊரு தம்பி நீங்க?" நாகலெட்சுமி கேட்டாள்.

"கண்டிப் பக்கம்மா." சொல்லும்போது அவன் கண்கள் படகுப் பக்கம் போயின. "கஜேந்திரன்னு பேரு. அந்தக் கடையிலதான் வேலை."

"நாங்க நோட்டன் பிரிட்ஜுங்க. தோட்டம். நான் கொழுந்து பறிக்கிறேன், மக டீச்சர்."

அவன் முகம் மாறுகிறதா என்று தனுஜா கூர்ந்து பார்த்தாள். மாறியது. ஆனால் காலையில் பார்த்த மாதிரி அல்ல... ஏதோ வலிக்கிற இடத்தில் விரல் பட்டதைப் போல.

"டீச்சரா? அதான்..."

"அதான்னா?"

"இல்ல... கேள்வி கேக்குற தோரணை."

"பதில் தெரியாதவங்களுக்கு அப்படித்தான் தோணும்."

அவன் மறுபடி சிரித்தான். இம்முறை அவளுக்கு முழுக் கோபம் வரவில்லை. பாதிக் கோபம்தான் வந்தது.

நாகலெட்சுமி கடலுக்குக் கிட்டே போனாள். ஓர் அலை வந்து காலை நனைத்தது. அவள் கைகூப்பி, "தாயே..." என்று கண்ணை மூடினாள். அலை திரும்பும்போது காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போனது. "ஐயோ... நெலம் ஓடுதே!" அவள் தள்ளாடினாள். தனுஜா ஓடி வருவதற்குள் கஜேந்திரன் போய்க் கையைப் பிடித்துவிட்டான்.

"பயப்படாதீங்கம்மா! தண்ணியப் பாக்காதீங்க. மலையில கூடையோட சரிவுல எறங்குவீங்கல்ல... அதே மாதிரி குதிங்கால ஊனுங்க. ஒடம்பச் சாச்சு நில்லுங்க... அவ்வளவுதான்!"

அடுத்த அலை வந்தது. நாகலெட்சுமி அசையவில்லை. கூடை நிறையக் கொழுந்தோடு சரிவில் நிற்கிறவளைப் போல நிமிர்ந்து நின்றாள். முகமெல்லாம் பிள்ளைச் சிரிப்பு.

தனுஜா மட்டும் சிரிக்காமல் அவனையே பார்த்தாள்.

"கண்டிப் பக்கம்னா... எந்தப் பக்கங்க?"

அவன் நாகலெட்சுமியின் கையை மெல்ல விட்டான்.

"சரிவுல கூடையோட எப்படி எறங்குறதுன்னு கண்டி டவுன்ல சொல்லிக் குடுக்குறாங்களா?"

"...ராகலை," என்றான் மெதுவாக. "தோட்டம்தான். லயத்து வீட்டுலதான் பொறந்தேன். எங்கம்மாவும் கொழுந்துதான் பறிக்கிறாங்க. அவங்களும் வெளிய கெளம்புனா சவுக்காரம் பூசுவாங்க... அந்த ஞாபகத்துலதான் சிரிச்சேன். சத்தியமா உங்கம்மாவப் பாத்து இல்ல."

"அப்ப ஏன் கண்டின்னு சொன்னீங்க?"

"வேலைக்கு வந்த புதுசுல கடையில கேட்டாங்க. தோட்டம்னா ஒரு மாதிரிப் பாப்பாங்களோன்னு வாயில வந்துருச்சு. அப்புறம் மாத்த முடியல..."

"உங்கம்மா கடலப் பாத்திருக்காங்களா?"

அவன் தலை குனிந்தது.

"கூட்டிட்டுப் போடான்னு கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க."

"கூட்டிட்டு வந்தா ராகலை தெரிஞ்சிரும். அதானே?"

தூறல் விழத் தொடங்கியது.

"காலையில ஒருத்தரு எங்கம்மாவ மறைக்கச் சொன்னாரு. அவராவது அடுத்தவ அம்மாவத்தான் மறைக்கப் பாத்தாரு..." அவள் அவனுக்கு நேராக வந்து நின்றாள். "நீங்க பெத்த அம்மாவையே மறைச்சிட்டீங்களே!"

திரும்பிப் பார்க்காமல் பாதையில் ஏறினாள். நல்ல மனசும் கோழை நாக்கும் ஒரே ஆளிடம் இருக்குமா? இருந்ததே... அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாகலெட்சுமி கொஞ்சம் பின்தங்கி, ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு வந்து சேர்ந்தாள்.

* * *

நோட்டன் பிரிட்ஜில் அடை மழை. மலையும் லயத்து வரிசை வீடுகளும் நீர்த்தேக்கமும் ஒரே பனிமூட்டத்துக்குள் கரைந்து கிடந்தன. கொழுந்து பறிக்கிற இடமெல்லாம் நாகலெட்சுமி கடலைப் பற்றியே பேசினாள். "காலுக்குக் கீழ நெலம் ஓடும்டி... ஆனா நாம நிக்கலாம்!"

தனுஜாவுக்கோ, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, குனிந்த ஒரு தலை ஞாபகத்துக்கு வரும். அழித்துவிட்டு மறுபடி எழுதுவாள்.

ஒரு மாலை அம்மாவின் கைத்தொலைபேசி அடித்தது.

"யாரு... கண்டித் தம்பியா? நல்லா இருக்கீங்களா தம்பி?"

தனுஜா திடுக்கிட்டாள். "உங்க நம்பர் எப்படிம்மா...?"

"நான்தான் குடுத்தேன். விழ இருந்தவளப் புடிச்ச புள்ள... ஒரு நம்பர் குடுத்தா தேஞ்சா போயிருவேன்? இந்தா, ஒங்கிட்டதான் பேசணுமாம்."

காதில் வைத்தாள். மறுமுனையில் அலையின் ஓசை கேட்டது... அதைவிடத் தயக்கமாக ஒரு மூச்சு.

"ஞாயித்துக்கெழம எங்கம்மாவ இங்க கூட்டிட்டு வர்றேன். தண்ணின்னா அவங்களுக்குப் பயம். உங்கம்மா வந்து கையப் புடிச்சுக்கிட்டா... எறங்குவாங்க."

"கடையில சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. அம்மாவப் பக்கத்துல நிறுத்தி வச்சுக்கிட்டுத்தான் சொல்லணும். அவங்க காதுல விழணும்ல?"

"அன்னிக்கும் வாய் வரலன்னா?"

"வரும்."

அந்த ஒரு சொல்லில் இருந்த உறுதி அவளை அசைத்தது. ஆனாலும் அவள் வாய், "நாங்க வரல" என்றது. தொடர்பைத் துண்டித்துவிட்டாள்.

நாகலெட்சுமி அடுப்பில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஏன் புள்ள வரலன்னு சொன்ன?"

"பெத்தவள மறைச்ச ஆளும்மா அவரு."

"மறைச்சுச்சு. தப்புதான். இப்ப வெளிச்சத்துக்குக் கூட்டிட்டு வருதே?" ரொட்டி பொங்கியது. "விழுந்து கெடக்குறவனத் திட்டலாம் தனு. எந்திரிக்கிறவனத் திட்டக் கூடாது. அன்னிக்கு எனக்கு ஒரு கை குடுத்துச்சு அந்தப் புள்ள. இன்னொரு தாய்க்கு நான் ஒரு கை குடுக்காம இருந்தா, சாமி முன்னாடி நாளைக்கு எப்படி வெளக்கேத்துவேன்? நீ வந்தா வா, வராட்டி போ. நான் போறேன்."

அன்று விளக்கின் முன் தனுஜாவும் கண்ணை மூடினாள். தன் கோபம் நியாயமானதுதான் என்று சாமியிடம் வாதாடிப் பார்த்தாள். ஆனால் 'அவன் சொல்லிவிட வேண்டுமே...' என்றுதான் மனம் வேண்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தபோது, யாரும் பார்க்காத இருட்டில் அவள் முகம் சிவந்தது.

* * *

ஞாயிறு வந்தது. விடியற்காலை பஸ்ஸில் கிளம்பி, அவர்கள் தாழம்புதர்ப் பாதையில் இறங்கியபோது வெயில் மணலில் மின்னிக்கொண்டிருந்தது.

கடை வாசலில் கஜேந்திரன் நின்றான். பக்கத்தில், அந்த வெயிலிலும் கம்பளிச் சுவெட்டரைக் கழற்றாமல், சின்ன உருவமாக அவன் அம்மா. கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரல்களைச் சுவெட்டர் கைக்குள் இழுத்து மறைத்திருந்தாள். இங்கே எப்படி இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்தது போல... இல்லை, யாரும் சொல்லாமலேயே புரிந்துகொண்டது போல.

தனுஜா கடை வேலியோரமே நின்றுவிட்டாள்.

உள்ளேயிருந்து சிங்கள முதலாளி வந்தார். வேலையாட்கள் இருவர் மீன் கழுவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள்.

"கவுத மே?" யார் இது என்று முதலாளி கேட்டார்.

கஜேந்திரன் தனுஜாவைப் பார்க்கவில்லை. முதலாளியையும் பார்க்கவில்லை. குனிந்து, அம்மாவின் கையைச் சுவெட்டருக்குள்ளிருந்து வெளியே எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"மகே அம்மா," என்றான். முதலில் சிங்களத்தில், பிறகு அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்று தமிழிலும் சொன்னான். "எங்கம்மா. அம்மாக்கண்ணுன்னு பேரு. ராகலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறாங்க. நான் கண்டி இல்ல... ராகலை. லயத்துல வளந்தவன். இவ்வளவு நாளா பொய் சொல்லிட்டேன்."

மீன் கழுவியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியைத் துண்டால் தட்டி, இழுத்து, அம்மாக்கண்ணுவுக்கு முன்னால் போட்டார்.

"வாடிவென்ன அம்மே," உட்காருங்கள் என்றார். அவன் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கடுகடுத்தார். "அம்மா தோட்டத்தில் இருக்கிறார் என்று முன்னாலேயே சொல்வதற்கென்ன? நீ ஊருக்குப் போன ஒவ்வொரு தடவையும் நல்ல கருவாடாகக் கட்டிக் கொடுத்திருப்பேனே, முட்டாளே!"

கஜேந்திரன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றான். அம்மாக்கண்ணுவுக்குச் சிங்களம் அரைகுறைதான். ஆனால் மகன் தமிழில் சொன்னது காதில் விழுந்துவிட்டது. அவள் நாற்காலியில் உட்காரவில்லை. மகனின் கையையே கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வேலியோரம் தனுஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாகலெட்சுமி அதற்குள் கடைக்கே போய்விட்டாள்.

"அக்கா, நான் நோட்டன் பிரிட்ஜு. நானும் கொழுந்துதான். வாங்க போவோம்... மொத அலைக்குத்தான் பயமா இருக்கும்!"

இரண்டு தாய்மாரும் கைகோர்த்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினார்கள். முதல் அலைக்கு அம்மாக்கண்ணு போட்ட கூச்சலில் படகில் இருந்த காகங்கள் பறந்தன.

தனுஜாவும் கஜேந்திரனும் கரையில் நின்றார்கள். நடுவே இரண்டு முழ மணல்.

"வரலன்னு சொன்னீங்க..." என்றான் அவன்.

"சொன்னேன்."

"அம்மா கூப்பிட்டாங்கன்னு வந்தீங்களா?"

"அப்படித்தான் பஸ்ஸுல சொல்லிக்கிட்டு வந்தேன்."

"யாருகிட்ட?"

"எனக்கு நானே."

அவன் அவளைப் பார்த்தான். கண்களில் இன்று சிரிப்பு இல்லை. கலங்கிய, ஆனால் நேராக நின்ற பார்வை. மறைக்க ஒன்றும் இல்லாதவனின் பார்வை.

"டீச்சர்... இன்னிக்கு நான் சொன்னது எங்கம்மாவுக்காக. உங்களுக்காக இல்ல. அத நீங்க தெரிஞ்சுக்கணும்."

"தெரியும். நீங்க என் பக்கம் திரும்பவே இல்லையே. அதனாலதான்..." அவளால் முடிக்க முடியவில்லை.

"உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. அன்னிக்கு நீங்க திட்டிட்டுப் போனதுல இருந்து... உங்க கோபம்கூட எனக்குப் புடிச்சுப் போச்சுங்க. உங்க லயத்துக்கு எங்கம்மாவோட வந்து கேக்கணும்னு இருக்கேன். வரலாமா?"

அலை வந்து இருவர் காலையும் சேர்த்து நனைத்தது.

"அந்த வேலியோரம் நின்னப்ப ஒண்ணு முடிவு பண்ணி வச்சிருந்தேன்," என்றாள். "உங்களுக்கு வாய் வரலன்னா, அப்படியே திரும்பி நடந்துரணும்னு. நடந்திருப்பேன். ஆனா... ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அழுதுக்கிட்டே போயிருப்பேன்."

"எதுக்கு அழணும்?"

அவள் நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்.

"உங்கள விட்டுட்டுப் போறது அவ்வளவு லேசா என்ன?"