மூன்றாம் தூணில் ஆள்

சின்னக்கானலுக்கு மேலே, தேயிலைக் கொழுந்து மூட்டைகளைக் கம்பிக்கயிற்றில் தொட்டி கட்டி இறக்கும் ரோப்வே ஒன்று இருந்தது. அதன் அடிவாரக் கொட்டகையில் கயிற்றை ஓடவிடும் லிவரை இழுக்க சுவக்கீன் வேலைக்கு வந்தது எழுபத்துநான்காம் வருஷத்து ஆடி மழையில். முதல் நாளே, டெலிபோன் பார்க்கும் அன்னாள் அவனை உட்காரவைத்துச் சட்டம் சொல்லிவிட்டாள்.

"மேலேருந்து சொல்லச் சொல்ல நான் சிலேட்டுல எழுதுவேன். அடியில ரெண்டு கோடு இழுத்தப்புறந்தான் நீ லிவர்ல கைய வைக்கணும். பாதியில எட்டிப் பாக்காத தம்பி."

முன்பிருந்தவன் ஓர் அவசரக்குடுக்கை. 'மூட்டை பத்து, தொட்டி தயார்' என்று அவள் எழுதியதுமே லிவரை இழுத்துவிட்டான். 'மூன்றாம் தூணில் ஆள், நிறுத்து' என்ற அடுத்த வரியை அவள் எழுதி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தூணில் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்து செத்தவன் அவள் புருஷன் ஏசுரத்தினம். இப்போது அந்த கிரீஸ் வேலை சுவக்கீனின் தம்பி வேதமுத்துவுக்கு.

ஒரு மத்தியானம், முதல் தூணே தெரியாத பனிமூட்டம். டெலிபோன் அடித்தது. அன்னாள் எழுதினாள்.

மூட்டை பத்து. தொட்டி தயார்.

அவள் கையிலிருந்த சாக்கட்டி நின்றுவிட்டது. கொட்டகைக்குள் எங்கிருந்தோ கிரீஸ் வாடை அடித்தது.

"என்னக்கா?"

"பேச்சில்ல. மூச்சு மட்டும் கேக்கு."

"ஃபேக்டரியில கொழுந்துக்குக் காத்துக்கெடக்கான், இழுலே!" என்று வெளியே கங்காணி கத்தினார்.

கோடு விழவில்லை. சுவக்கீன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அன்னாளின் கை நகர்ந்தது.

மூன்றாம் தூணில் ஆள். நிறுத்து.

பிறகு இரண்டு கோடு.

அரைமணி கழித்து, மேல் கொட்டகையில் போன் பேசும் குருசாமியோடு வேதமுத்து இறங்கி வந்தான். முழங்கைவரை கிரீஸ்.

"தூண்லயா இருந்தே?"

"நட்டு லூசாக் கெடந்துதுண்ணே. யார்ட்டயும் சொல்லாம ஏறிட்டேன்."

சுவக்கீன் அவனை ஓங்கி ஓர் அறை விட்டான். அடுத்த நொடியே கட்டிக்கொண்டு அழுதான்.

"நல்ல நேரத்துல போன் பண்ணுனிய குருசாமியண்ணே. உங்களுக்குக் கோயில் கட்டணும்."

"நானா? காலையிலயே மரம் விழுந்து போன் கம்பி அறுந்து கெடக்கு. அதச் சொல்லத்தான நடந்து வாறேன்."

சுவக்கீன் சிலேட்டைத் திரும்பிப் பார்த்தான்.

டெலிபோன் மறுபடியும் அடித்தது.

அன்னாள் எடுத்தாள். எழுதினாள்.

மூன்றாம் தூணில் ஆள்.

"எல்லாரும் எறங்கியாச்சேம்மா," என்றார் குருசாமி. "தூண்ல ஒரு ஈ காக்கா இல்ல."

அன்னாள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"சத்தம் போடாதிய," என்றாள். "அவுக இன்னும் சொல்லி முடிக்கல."

அன்று இருட்டும்வரை அவள் கோடு போடவே இல்லை.