ஒரு பிடி கரை

தேவாலயப் பங்குப் பெண்களை ஏற்றிவந்த மினிபஸ், லண்டன் டெட்ஃபர்டில் தேம்ஸ் ஓரத்துப் பழைய பண்டகசாலை வாசலில் அவர்களை இறக்கியபோது பின்னேரம்தான். ஆனால் டிசம்பர் வெளிச்சம் அதற்குள் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தது.

உள்ளே சிற்பக் கண்காட்சி. ஆஸ்திரேலியக் கடற்கரை ஊர் ஒன்றின் ஆதிக்குடிகள், தங்களுக்கும் தங்கள் நிலத்துக்குமான உறவைக் கரையொதுங்கிய மரத்திலும் பின்னிய நாரிலும் செய்து கொண்டுவந்திருந்தார்கள். "தேத்தண்ணி சும்மா குடுக்கினமாம்" என்று சொல்லித்தான் இம்மாகுலேற் அக்கா டொலறஸைக் கிளப்பியிருந்தாள்.

டொலறஸ் மன்னார்க் கருவாட்டு யாவாரியின் மகள். இப்போது குடியிருக்கும் லூயிஷாமின் சந்தையில் அவளிடம் பேரம் பேசித் தக்காளி விற்றவன் நன்றி சொல்லிவிட்டு, எதற்குச் சொன்னோம் என்று பிறகு யோசிப்பான். புனிதர்களையும் அவள் விட்டதில்லை. அந்தோனியாரிடம் மெழுகுதிரியின் நீளத்தைப் பேசித் தீர்த்த பிறகுதான் கொளுத்துவாள். ஆனால் மகள் ஜெனோஜா படுக்கையில் விழுந்த பிறகு, பேரம் பேச அவள் கையில் சரக்கே மிஞ்சவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை. இரத்தத்தில் நோய், மருந்து எதுவும் பிடிக்கவில்லை. "வீட்டில் நோகாமல் வைத்திருங்கள்" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அதன் அர்த்தம் டொலறஸுக்கு விளங்கியிருந்தது.

மண்டபத்தின் நடுவே மணல் பரப்பியிருந்தது. அதன்மேல் ஆளுயரப் பெண்ணுருவம் ஒன்று நின்றது. மரத்தின் விரிசல்தான் முகம். கண் இல்லை. வெளியே தேம்ஸின் சேற்று நாற்றம். இங்கேயோ ஈரப் பாசியும் உப்பும் வெயிலில் காய்ந்த சிப்பியும் மணத்தன.

அந்த ஊர்க்காரியான ஒரு வெள்ளைமுடிக்காரி விளக்கம் சொன்னாள். எல்லோரும் அவளை ஆன்டி லொறேன் என்றார்கள்.

"நாங்கள் இந்த நிலத்தின் பிள்ளைகள். இந்த மணலும் எங்கள் உறவுதான். கேட்டுத்தான் கூட்டிவந்தோம். ஒரு மணல்மணிகூட விடாமல் திரும்பக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறோம்."

டொலறஸுக்கு ஊரிலுள்ள மடுக் கோயில்தான் நினைவில் எழுந்தது. மடு மாதாவிடம் போகிறவர்கள் கோயில் மண்ணில் ஒரு பிடி முடிந்துகொள்ளாமல் திரும்புவதில்லை. நோயாளிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். ஏன் எடுத்தாய் என்று மாதா யாரையும் கேட்டதில்லை. புனித மண் என்றால் கொடுக்கிற மண். அவளுக்குத் தெரிந்த வழக்கம் அது.

கூட்டம் தேத்தண்ணிப் பக்கம் நகர்ந்ததும் குனிந்தாள்.

"என்னடி செய்யிறாய்?"

"சத்தம் போடாதேங்கோ அக்கா. பிள்ளைக்கு."

"கேட்டு எடன்."

"மடுவில ஆரிட்டக் கேட்டனாங்கள்?"

கைலேஞ்சியில் ஒரு பிடியை முடிந்துகொண்டு நிமிர்ந்தாள். அவள் எடுத்த குழியில் தண்ணீர் ஊறியது.

காங்கிரீட் தரையில் பரப்பிய மணல் அது.

அன்று அதில் பாதியைக் கரைத்து, தெளியவிட்டு, ஜெனோஜாவுக்குப் பருக்கினாள். விடிந்தபோது பிள்ளை எழுந்து உட்கார்ந்திருந்தது.

"அம்மா, புட்டு இருக்கோ?"

டொலறஸ் அடுப்படியில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். இவ்வளவு மலிவாகக் கிடைத்த சரக்கை ஒருதரம் திருப்பிப் பார்க்கவேண்டும் என்பது யாவாரி மகளுக்கு அன்று மறந்துபோனது.

மறுநாள் வீட்டு நடைக் கார்பெட் ஈரமாக இருந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

வெறுங்கால் தடங்கள் கட்டிலிலிருந்து வாசற்கதவுவரை போயிருந்தன. ஜெனோஜா கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

"கூப்பிடுகினம் அம்மா."

"ஆர்?"

"தெரியாது. கோவமில்லை. தேடுகினம்."

சுவருக்கு அப்பால் அலை அடித்தது. லூயிஷாமில் கடல் இல்லை.

அதன்பிறகு பிள்ளையின் மூச்சு ஏறி இறங்கும் விதம் மாறியது. அரைநாள் கன்னம் சிவந்து கலகலப்பாகப் பேசுவாள். அரைநாள் முகத்து இரத்தம் வற்றி, உதடு வெளுத்து, கூப்பிட்டால் எட்டாத தூரத்துக்குப் போய்விடுவாள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தூரம்.

கண்காட்சி முடிகிற நாளில் டொலறஸ் மிச்ச மணல் முடிச்சோடு ஓடினாள். சிற்பங்கள் பெட்டிக்குள் போய்விட்டிருந்தன. ஆன்டி லொறேன் முழந்தாளிட்டு, மணலைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தாள். முடிச்சை வாங்கி அவிழ்த்தாள். ஏசவில்லை. உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தாள்.

"மீதி எங்கே?"

டொலறஸ் தனக்கு வந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். "இந்த மணலிடம் பிள்ளையை விடச் சொல்லுங்கள். என்னைக் கொண்டுபோகட்டும். எனக்கும் கரைத்துத் தாருங்கள், இப்போதே குடிக்கிறேன். கிழவிதான், ஆனால் நன்றாக உழைப்பேன்."

ஆன்டி லொறேனின் கண் நிரம்பியது. "இதில் விலை பேச எதுவும் இல்லை, சகோதரி. அது யாரையும் தண்டிக்கவில்லை. வீட்டுக்குப் போகப் பார்க்கிறது, அவ்வளவுதான்."

"நீங்கள் சொன்னால் கேட்கும்."

"கேட்டுப் பார்க்கிறேன்."

மணலின்மேல் குனிந்து தன் மொழியில் நெடுநேரம் முணுமுணுத்தாள். மண்டபத்தில் பாசி மணம் எழுந்து அடங்கியது. நிமிர்ந்தபோது அவள் டொலறஸின் முகத்தைப் பார்க்கவில்லை.

பெட்டிகள் லொறியில் ஏறின.

வீட்டில் ஜெனோஜா மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. இம்மாகுலேற் அக்கா கட்டிலருகே செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டுப் பாத்தனடி. பேசுறாளில்லை."

டொலறஸ் மெத்தையில் கையூன்றி, மகளின் நெஞ்சில் காதை வைத்தாள்.

இதயம் கேட்கவில்லை.

தொலைவிலிருந்து ஒரு அலை வந்தது. பிள்ளையின் நெஞ்சுக்குள் உடைந்தது. பிறகு, கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு, மெல்ல, மிக நீளமாகப் பின்வாங்கியது.

"அம்மா நிக்கிறன். திரும்பி வா, குஞ்சு."

அடுத்த அலைக்காக அவள் காதை எடுக்காமல் காத்திருந்தாள்.

மெத்தையில் அவள் கையூன்றிய குழியில் தண்ணீர் ஊறியது.