பெல்ட் போடாத மூன்றாவது ஆள்

டாஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நெஞ்சின் குறுக்கே பட்டை போட்ட குட்டி மனிதன். பின் சீட்டில் யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பின் சீட்டில் யாரும் இல்லை.

"உன் பைதான்," என்றார் நெஸ்டர், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி. "கனமா எதையாவது வெச்சா இந்த வண்டி அத ஆளுன்னு நினைச்சுக்கும். போன வாரம் ஒரு அரிசி மூட்டைக்கு பெல்ட் போட்டுக் கூட்டிட்டு வந்தேன். மகராசி, வழி பூரா ஒரு வார்த்த பேசல."

எடிதா கையைப் பின்னால் நீட்டிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு டப்பா நிறைய பான்சித் நூடுல்ஸ், கிளம்பும் முன் கிண்டியது, இன்னும் சூடு ஆறவில்லை. காரியம் முடிந்ததும் வண்டியிலேயே உட்கார்ந்து இருவரும் சாப்பிட வேண்டும் என்பது நெஸ்டரின் கட்டளை. டொராண்டோவில் பிள்ளை பார்க்கவும் கிழவர்களைப் பார்க்கவும் வந்த பிலிப்பினோப் பெண்களில் பாதிப் பேரை நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காக அமெரிக்க எல்லைப் பாலத்துக்கு அழைத்துப் போனவர் அவர். எல்லோருக்கும் அவர் குயா, அண்ணன்.

மடியில் டப்பா சுட்டது. விளக்கு அணையவில்லை.

"சென்சார் செத்துப்போச்சு," என்றார் நெஸ்டர். "குளிருக்கு அப்படித்தான்."

வெளியே பகல் சாகிற நேரம். நயாகரா நெருங்க நெருங்க அருவியின் நீர்த்தூள் காற்றில் ஏறி, விளக்குக் கம்பங்களிலும் மரக்கிளைகளிலும் கம்பி வேலிகளிலும் உறைந்து, ஊர் முழுவதுக்கும் வெள்ளைத் துணி போர்த்தி வைத்தது போலிருந்தது. எங்கோ கீழே, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் மூச்சு விடுவது போல அருவி உறுமிக்கொண்டே இருந்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தும் வண்டிக்குள் ஈர மண் வாசனை லேசாக வந்தது. மண்ணோடு இன்னொன்றும். குழந்தைகளுக்குப் பூசும் பவுடர்.

"இண்டாய்," என்றார் நெஸ்டர். அவர்கள் தீவில் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கேக்கணும்னே நினைச்சேன். உங்க அக்கா பொண்ணு, அந்த டெங்குக் காய்ச்சல்... அடக்கம் எல்லாம் ஆச்சா?"

"ஆச்சு குயா."

அக்கா பொண்ணு. ஆறு வருஷமாக அப்படித்தான். போனில் முத்யாவின் முகம் வரும்போது பக்கத்தில் யாராவது எட்டிப் பார்த்தால், "அக்கா பொண்ணு." பிறந்த நாளுக்குப் பெட்டி கட்டி அனுப்பும்போது, மிதித்தால் விளக்கு எரியும் அந்த ஊதா ஷூவை வாங்கும்போது, கடைக்காரப் பெண் கேட்டதற்கும், "அக்கா பொண்ணு."

மணிலாவில் ஏஜென்சிக்காரிதான் சொன்னாள். 'கல்யாணம் ஆகல, பிள்ள இல்லன்னு எழுது. சீக்கிரம் வரும். அங்க போய்ச் சேந்து எல்லாம் சரி பண்ணிக்கலாம்.' எடிதா எழுதினாள். அப்போது முத்யா பால் குடிக்கும் குழந்தை. அப்புறம் அதைச் சரி பண்ண வழியே இல்லை என்று தெரிந்தது. அன்று சொல்லாத பிள்ளையை இனி என்றைக்கும் கூப்பிட முடியாது. சொன்னாலோ பொய் சொன்னவள் என்று தன்னையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த மாதத்தோடு வேலை அனுமதி முடிகிறது. இன்றைக்கு எல்லையில் முத்திரை விழாவிட்டால் விமானம்தான். ஊரில் அம்மாவின் டயாலிசிஸ், அக்காவின் வீடு, எல்லாம் இவள் தலையில்.

இப்போது பிள்ளை இல்லை. கேட்டால், இல்லை என்றே சொல்லலாம். பொய்யாகாது.

அந்த நினைப்பு அடக்கத்துக்கு மறுநாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, தானாக வந்தது. ஒரு கணம்தான். தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி. அதற்கப்புறம் அவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ ஊருக்குப் போகலியே. போன்லதானே பாத்த?"

"ஆமா. ராத்திரி ராத்திரி போன்லயே உக்காந்திருந்தேன்."

"அப்புறம் எங்க போன?"

"எங்க போறது? பேஸ்மென்ட்லதான் என் ரூம். அங்கேயே படுத்துட்டேன்."

நெஸ்டர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார்.

துக்க வீட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வரக்கூடாது. வழியில் ஒரு டோனட் கடையிலோ பெட்ரோல் பங்கிலோ கொஞ்ச நேரம் உட்கார்ந்து, உதறிவிட்டுத்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எடிதாவுக்கும் தெரியும். ஆனால் போனில் பார்த்த சாவுக்கு எங்கே போய் உதறுவது? அரிசிக் குக்கரில் சாய்த்து வைத்த போன். அதற்குள் வெள்ளைச் சவப்பெட்டி. கடைசியில் அக்கா குனிந்து அந்த ஊதா ஷூவைக் கழற்றினாள். செத்தவர் காலில் செருப்பு இருக்கக் கூடாது, வீட்டில் நடமாடும் சத்தம் கேட்கும் என்பார்கள். கழற்றும்போது ஷூவில் விளக்கு ஒரு முறை எரிந்தது.

"சரி, விடு," என்றார் நெஸ்டர். "இதவிட நல்ல உதறல் எங்க கிடைக்கும்? வேற நாட்டுக்கே போறோம். அமெரிக்காக்காரன் பெஞ்சுல உக்காரு, கோட்ட நல்லா உதறு, விட்டுட்டு வா. விசா இல்லாம அதால திரும்ப வர முடியுமா?"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். எடிதா சிரிக்கவில்லை. அவள் அந்த யோசனையைப் பற்றிக்கொண்டாள்.

ஏற்கெனவே கனடாவில் இருப்பவர் நிரந்தரமாகத் தங்க, ஒரு முறை வெளியே போய் உள்ளே வர வேண்டும். பாலத்தைத் தாண்டி அமெரிக்கக் கூண்டில் சொன்னால், அவர்கள் உள்ளே விடாமல் ஒரு தாளைக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்தத் தாளோடு இந்தக் கரையில் முத்திரை. அவ்வளவுதான் வேலை.

பாலத்தின் மேல் பனித்தூள் கண்ணாடியை மூடியது. வைப்பர் கீச்சிட்டது. கூண்டில் இருந்த இளைஞன் டார்ச்சை வண்டிக்குள் அடித்தான். நெஸ்டர். எடிதா. பின் சீட்டு. வெளிச்சம் அங்கே கொஞ்சம் அதிகமாகவே நின்றது.

"எல்லாரும் இறங்கி உள்ள வாங்க."

உள்ளே பிளாஸ்டிக் பெஞ்சு. எடிதா ஓரமாக உட்கார்ந்தாள். யாரும் பார்க்காதபோது கோட்டை உதறினாள். தோள், கை, மடி. பிறகு தலையைக் குனிந்து, பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்து, வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"செல்லம், நீ இங்கேயே இரு. அம்மா வேலைய முடிச்சுட்டு வரேன்."

ஊரை விட்டு வந்த அன்று விமான நிலையத்திலும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னாள். அப்போது அதைக் கேட்க ஒரு குழந்தை இருந்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். தாளைக் கொடுத்த அதிகாரி வயதானவர், நல்ல மாதிரி. "இந்தாங்கம்மா. உள்ள விடலன்னு போட்டிருக்கு."

"நான் இங்க வந்துட்டுப் போனதாத்தானே கணக்கு?"

"வந்ததா? இல்லம்மா. எங்க கணக்குல நீங்க இந்தப் பக்கம் வரவே இல்ல." அவர் சிரித்தார். "உங்ககூட வந்தவங்களும்தான். எல்லாரும் அப்படியே திரும்பிப் போங்க."

எடிதா தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

வண்டியில் ஏறினார்கள். நெஸ்டர் சாவியைத் திருப்பினார்.

சிவப்பு விளக்கு.

வண்டி பாலத்தில் திரும்பி ஓடியது. அருவி மட்டும் பேசியது. பவுடர் வாசனை இப்போது நன்றாகவே வந்தது. அவளுக்குத் தெரிந்த பவுடர். அவள் அனுப்பிய பவுடர்.

கனடாப் பக்க அலுவலகத்தில் ஹீட்டர் மெல்ல இரைந்தது. நெஸ்டர் வண்டியிலேயே இருந்துகொண்டார். கவுண்டரில் நடுத்தர வயதுப் பெண் அதிகாரி, கண்ணாடியைத் தலையில் ஏற்றியவள், சளி பிடித்த குரல். தாள்களைப் புரட்டினாள்.

"ஏதாவது குற்ற வழக்கு உண்டா?"

"இல்ல மேடம்."

"கல்யாணம் ஆயிருக்கா?"

"இல்ல."

"இந்தத் தாள்ல சொல்லாத பிள்ளைங்க? கூட வந்தாலும் வராட்டியும்?"

ஆறு வருஷமாக இந்தக் கேள்வியைக் கனவில் கேட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். இறந்துவிட்டாள் என்று இப்போது சொன்னாலும் அன்று எழுதிய பொய் பொய்தான். வீண் வம்பை விலைக்கு வாங்குவானேன்?

"இல்ல மேடம்."

அதிகாரி கையெழுத்துக்கு இடம் காட்டினாள். எடிதா போட்டாள். முத்திரை விழுந்தது. கனமான, சின்னச் சத்தம்.

"வாழ்த்துகள்," என்றாள் அதிகாரி. பிறகு எடிதாவின் தோளுக்கு மேலே பார்த்தாள். முகம் இளகியது. "அங்க உக்காந்திருக்கற பாப்பா உங்ககூட வந்ததா?"

எடிதா திரும்பவில்லை.

"எந்தப் பாப்பா?"

"பெஞ்சுல. பாவம், கால்ல ஒண்ணும் இல்லாம. இந்தக் குளிர்ல யார் இப்படிக் கூட்டிட்டு வந்தது?"

மெதுவாகத் திரும்பினாள். காலி பெஞ்சு. கீழே, தரையில், ஈரம். சின்ன ஈரம்.

"உங்களோடதா?"

முத்திரையின் மை இன்னும் காயவில்லை. மை வாசனை அவள் மூக்கில் ஏறியது.

"இல்ல," என்றாள் எடிதா. "என்கூட யாரும் வரல. எனக்கு யாருன்னே தெரியாது."

"அப்ப நான் பாத்துக்கறேன். நீங்க கிளம்புங்க."

அதிகாரி கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். பெஞ்சின் முன்னால் மண்டியிட்டாள். காற்றிடம் ஏதோ கேட்டாள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எழுந்தாள். வலது கையைக் கொஞ்சம் தாழ்த்தி, விரல்களை எதன் மேலோ மடக்கி, ஒரு குழந்தையின் நடைக்கு ஏற்ற மாதிரி மெல்ல மெல்ல அடி வைத்து, உள் கதவை நோக்கி நடந்தாள். பாதி வழியில் அந்தக் கை பின்னுக்கு இழுபட்டது. யாரோ நின்று திரும்பிப் பார்க்கிறார்கள்.

எடிதா ஓடினாள்.

வண்டிக் கதவைச் சாத்தினாள். மூச்சு வாங்கியது. நெஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அட, அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி வர்ற? சிரி! எடு அந்த டப்பாவ."

"முதல்ல வண்டிய எடுங்க குயா."

அவர் சாவியைத் திருப்பினார். எடிதா டாஷ்போர்டையே பார்த்தாள். பச்சை விளக்குகள், மஞ்சள் விளக்குகள், எல்லாம் எரிந்து அணைந்தன. சிவப்பு இல்லை. குட்டி மனிதன் இல்லை.

"பாத்தியா, சென்சார் சரியாயிடுச்சு," என்றார் நெஸ்டர்.

அவள் கண்ணை மூடினாள். அழுகையா நிம்மதியா என்று தெரியவில்லை. பிள்ளையை அங்கே விட்டாயிற்று. வெளிச்சம் இருக்கும் இடம். ஹீட்டர் இருக்கும் இடம். நல்ல பெண்மணி. இப்படியே மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஊரில் விட்டுவிட்டு வந்தபோதும் இதே மாதிரிதான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டாள்.

போனில் பேசும்போதெல்லாம் முத்யா ஒரு விளையாட்டு விளையாடுவாள். பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, நெஞ்சின் குறுக்கே துண்டைப் போட்டு, தன் குரலாலேயே பூட்டுவாள். 'க்ளிக்!' எடிதாதான் சொல்லிக்கொடுத்தாள். கனடாவில் வண்டியில் ஏறினால் முதலில் அதுதான் செல்லம். அது போட்டால்தான் வண்டி வீட்டுக்குப் போகும்.

"யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே," என்றார் நெஸ்டர்.

எடிதா பக்கக் கண்ணாடியில் பார்த்தாள்.

அலுவலக வாசலில், பனியில், கோட்டு கூடப் போடாமல் அந்த அதிகாரி நின்றுகொண்டிருந்தாள். இடது கையை உயர்த்தி ஆட்டினாள். வலது கை இன்னும் தாழ்ந்தே இருந்தது. விரல்கள் மடங்கியே இருந்தன. அவள் வாய் அசைந்தது. அருவிச் சத்தத்தில் ஒரு சொல் மட்டும் வந்து சேர்ந்தது.

"...அம்மான்னு..."

பிறகு அந்த வலது கை விரிந்தது.

"எதாவது மறந்துட்டியா இண்டாய்? நிறுத்தவா?"

"இல்ல."

"கூப்பிடறாங்களே."

"நான் ஒண்ணும் மறக்கல. போங்க குயா."

புதிதாக விழுந்த பனி. அப்பழுக்கில்லாத வெள்ளை. அதில், அதிகாரியின் காலடியிலிருந்து, ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. அடுத்து இன்னொன்று. ஐந்து விரல்களும் தெரியும்படி. வெறுங்கால். ஒன்று. இன்னொன்று. வேகமாக. இன்னும் வேகமாக. வண்டியை நோக்கி.

"போங்க!"

வண்டி நகர்ந்தது. சக்கரம் பனியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தது. கண்ணாடியில் காலடிகள் பெரிதாகிக்கொண்டே வந்து, பின் கதவருகே முடிந்தன.

டிங்.

சிவப்பு விளக்கு.

டிங். டிங்.

"சனியன் பிடிச்ச சென்சார்," என்றார் நெஸ்டர், சாலையைப் பார்த்தபடி.

எடிதாவின் கழுத்துக்குப் பின்னால் குளிர். ஈர மண். பவுடர். பிறகு ஒரு சத்தம். பட்டை உருளையிலிருந்து உருவிக்கொண்டு வரும் சத்தம். மெதுவாக. பழக்கமில்லாத கை இழுக்கிற மாதிரி, விட்டு விட்டு.

க்ளிக்.

விளக்கு அணைந்தது.

"நல்லவேளை, அணைஞ்சிடுச்சு," என்றார் நெஸ்டர். "இனி நேரா வீடுதான்."

எடிதா மேல் கண்ணாடியைப் பார்த்தாள். பின் சீட்டின் நடுவில் பெல்ட் பூட்டியிருந்தது. இழுபட்டு, இறுகி, ஒன்றுமில்லாத இடத்தின் குறுக்கே, ஒரு சின்ன நெஞ்சின் உயரத்தில். ஓடி வந்த களைப்பில் அது மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருந்தது.