கிழிக்கப்படாத செய்தித்தாள்

"என் புருஷனைத் தூக்குல போடப்போறாங்க."

வாசலில் நின்றபடியே லிடியா சொன்ன முதல் வார்த்தை அதுதான். நல்ல மதிய நேரம். ஆனால் சால்ட்விக் ஊரைக் கடல்பனி மூடிக்கிடந்ததில் தெருவிளக்குகளை அணைக்கவே இல்லை. சிரில் டாப்ஸெல் அவசரமாக எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. மீன் டப்பாத் தொழிற்சாலையின் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

ஹெஸ்டர் பிரிம்லோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். ஐம்பதைத் தாண்டிய அந்தத் துப்பறியும் அம்மாள் எதற்கும் பதறி, அவளுடைய உதவியாளன் சிரில் பார்த்ததில்லை. அவனுக்கோ ஒரு பூனை குறுக்கே போனாலும் அது துப்பு.

"முதல்ல உட்காரும்மா. உன் புருஷன் விட்டோல்ட்தானே? மிஸ் ஃபென்டனைக் கொன்னுட்டதா பிடிச்சு வெச்சிருக்காங்களே, அவர்தானே?"

"அவர் கொல்லல மேடம்! அந்த அம்மா எங்களுக்குத் தெய்வம். போலந்துலேர்ந்து வந்த எங்களுக்கு வாய் திறக்கச் சொல்லிக் குடுத்ததே அவங்கதான்."

மிஸ் ஃபென்டன் தன் வீட்டு முன்னறையில் தொழிற்சாலைக்காரர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். திங்கட்கிழமை நாலு மணிக்கு விட்டோல்டுக்குத் தனிப்பாடம். ஐந்து மணிக்குக் கடைத்தெருவிலிருந்து திரும்பிய சமையல்காரி மிஸஸ் மாக்ஸன், எஜமானி கணப்படுப்பின் இரும்புக் கம்பியில் மண்டை உடைந்து கிடந்ததைப் பார்த்தாள். தானாக விழுந்தது என்றுதான் முதலில் நினைத்தார்கள். தோளுக்குக் கீழே இரண்டு கைகள் அழுத்தித் தள்ளிய கன்றிய தடம் இருப்பதாக டாக்டர் சொன்னதும் கதை மாறிவிட்டது.

"அவர் போய்க் கதவைத் தட்டினாராம். யாரும் திறக்கல. திரும்பி வந்துட்டாராம். பனியில யார் பார்த்தா? யாரும் பார்க்கல. பாடம் நடந்து முடிஞ்சிருக்கு, அதனால நீதான் உள்ள இருந்தேன்னு இன்ஸ்பெக்டர் சாதிக்கிறார்."

"பாடம் முடிஞ்சுதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அறை ஒழுங்கா இருந்துச்சாம்."

சிரில் சிரித்தேவிட்டான். லிடியாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

"எங்க பாடமே அப்படித்தான் சார். உங்க மொழி எங்களைப் படுத்தின பாடு இருக்கே! 'புட்'னா வைக்கிறது. சரி. 'புட் ஆன்'னா உடுத்திக்கிறதாம், 'புட் அவுட்'னா அணைக்கிறதாம், 'புட் ஆஃப்'னா தள்ளிப்போடுறதாம். ஒவ்வொரு வினைக்கும் ஒரு வாலைக் கட்டி விட்டிருக்கீங்க. வாலை மாத்தினா மிருகமே மாறிடுது! புத்தகத்தை வெச்சு இது ஏறாதுன்னு மிஸ் ஃபென்டன் எல்லாத்தையும் செஞ்சே காட்டுவாங்க. நாங்களும் செய்யணும்."

சிரிலுக்கு உறைத்தது. காலையில் எழுந்து கோட்டை மாட்டுவதற்குள் அவனே இப்படிப் பத்து வால்களை ஆட்டியிருப்பான். ஒருநாளாவது கவனித்திருக்கிறானா? இல்லை.

"என்னென்ன செய்வீங்க?" என்று கேட்டாள் ஹெஸ்டர்.

"பாடம் தொடங்கும்போது அறை அலங்கோலமா இருக்கும். அவங்களே அப்படிப் பண்ணி வெச்சிருப்பாங்க. திரையெல்லாம் மூடி, விளக்கு அணைஞ்சு, நாற்காலி குப்புற, கோட்டு தரையில. நான் விளக்கைப் போடுறேன், 'டர்ன் ஆன்'. கோட்டை எடுக்கிறேன், 'பிக் அப்'. கொக்கியில மாட்டுறேன், 'ஹேங் அப்'. அந்தக் கொக்கியைப் போன மாசம் அடிச்சுக் குடுத்ததே என் புருஷன்தான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் பட்டன் டப்பாவைக் கவிழ்ப்போம், பேப்பரைக் கிழிப்போம். ஒரே சிரிப்பா இருக்கும். கடைசியில விளக்கை அணைச்சிட்டு வெளிய போவோம். இந்த வரிசை மாறவே மாறாது. அடுத்த பாடத்துக்கு அவங்க மறுபடி கோட்டைத் தூக்கித் தரையில போடுவாங்க."

ஹெஸ்டர் எழுந்து தொப்பியை எடுத்தாள்.

"சிரில், குடையை எடு."

*

இன்ஸ்பெக்டர் ஹாடோ அந்த முன்னறையில்தான் இருந்தார். இறந்தவளின் நாற்காலியிலேயே வசதியாகச் சாய்ந்து, திங்கட்கிழமைச் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். மூக்கை நுழைக்க வந்தாச்சா?"

"நுழைக்கத்தான் வந்தேன். அந்தப் பேப்பர் இங்க இருந்ததா?"

"மேஜை மேல மடிச்சு வெச்சிருந்தது. பொழுது போகணுமே!"

சிரில் முழங்காலிட்டுக் கம்பளத்தை முகர்ந்துகொண்டிருந்தான். கணப்படுப்பின் அருகே துடைத்தும் போகாத கறை. அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். சாளரத்துக்கு வெளியே பனி ஒட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

மிஸஸ் மாக்ஸன் இடுப்பில் கட்டியிருந்த துணியால் கையைத் துடைத்தபடி வந்தாள். "நான் கதவைத் திறக்கிறேன், விளக்கு ஜெகஜ்ஜோதியா எரியுது. நாற்காலி நிமிர்ந்து நிக்குது, கோட்டு மாட்டியிருக்கு. எனக்கே திக்குன்னு ஆயிடுச்சு. தினம் காலையில பெருக்க வரும்போது இந்த அறை சண்டை நடந்த இடம் மாதிரிதான் கிடக்கும். கோட்டைத் தாண்டித் தாண்டித்தான் பெருக்குவேன். எடுத்து வெச்சா அம்மா திட்டுவாங்க."

"பாடம் முடியும்போது அறை எப்படி இருக்கும்னு பார்த்திருக்கீங்களா?"

"அப்ப நான் அடுப்படியில இருப்பேன். ஒழுங்காத்தான் இருக்கணும், வேறெப்படி?"

"மிஸ் ஃபென்டனோட அண்ணன் பையன் லயனல்னு ஒருத்தர் இருக்காரே, அவர் எங்கே?"

"கிறிஸ்துமஸுக்கு வந்தவர்தான், மூணு மாசம் ஆச்சு. வீட்டைத் தொழிற்சாலைக்காரங்க பள்ளிக்கூடத்துக்கு எழுதி வைக்கப்போறேன்னு அம்மா சொன்னாங்க, பெரிய சண்டை. அதுக்கப்புறம் இந்தப் பக்கமே தலைகாட்டல. அம்மா போன பிறகு நேத்துதான் ஊருக்கு வந்து ஓட்டல்ல தங்கியிருக்கார்."

ஹெஸ்டர் கதவை மூடினாள். அதன் பின்புறம் ஒரு பித்தளைக் கொக்கி. அதில் பழைய ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்று தொங்கியது. கதவைத் திறந்தாள். சுவரோடு ஒட்டிய கதவுக்குப் பின்னால் கொக்கி, கோட்டு இரண்டும் மறைந்துபோயின.

"இன்ஸ்பெக்டர், எல்லாரையும் நாளைக்குத் தேநீருக்கு இங்க வரச் சொல்லுங்க. விட்டோல்டையும் கூட்டிட்டு வாங்க."

"கைதிக்குத் தேநீர் விருந்தா?"

"தப்பான ஆளைத் தூக்குல போட்டுட்டு அப்புறம் நிம்மதியாக் குறுக்கெழுத்துப் போட முடியுமா உங்களால?"

அவர் செய்தித்தாளை மடித்து மேஜை மேல் வைத்தார்.

*

மறுநாள் எல்லோரும் கூடியபோது அறை அலங்கோலமாகக் கிடந்தது. திரை மூடி, நாற்காலி குப்புற விழுந்து, கோட்டு தரையில் கை விரித்துக் கிடந்தது. செத்துப்போனவளே எழுந்து வந்து அடுத்த பாடத்துக்குத் தயார் செய்துவிட்டாள் என்று சிரிலுக்கு ஒரு கணம் தோன்றியது.

மிஸஸ் மாக்ஸன் தட்டை ஏந்தி, பார்க்காமலே கோட்டைத் தாண்டி வந்தாள். விட்டோல்ட் இரண்டு காவலர்களுக்கு நடுவே மூலையில் நின்றான். லிடியாவை அவன் அருகே விடவில்லை. கடைசியாக வந்தான் லயனல் ஃபென்டன்: மழமழவென்று சவரம் செய்த முகம், கறுப்பு டை. திறந்த கதவருகிலேயே நின்றுவிட்டான்.

"என்ன கூத்து இது? யார் அறையை இப்படிப் பண்ணினது?"

"மன்னிக்கணும், நான்தான். உங்களுக்கு இந்த அறை பழக்கமா?"

"கிறிஸ்துமஸுக்கு அப்புறம் இதுல நான் காலே வெக்கல."

"வருத்தமான விஷயம்தான்." ஹெஸ்டர் குனிந்து தேநீரை ஊற்றினாள். "உங்க காலடியில இருக்கு பாருங்க, அந்தக் கோட்டைக் கொஞ்சம் மாட்டிடுங்களேன், யாராவது தடுக்கி விழப்போறாங்க."

லயனல் குனிந்தான். கோட்டை உதறினான். அறையைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. அவன் கை நேராகத் திறந்த கதவுக்குப் பின்னால் போய்க் கொக்கியைத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டுத் திரும்பியது.

ஹெஸ்டர் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கொக்கியைப் போன மாசம்தான் விட்டோல்ட் அடிச்சார். கதவு திறந்திருந்தா கண்ணுக்கே தெரியாது. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் இங்க வராத உங்க கைக்கு அது எப்படித் தெரிஞ்சுது மிஸ்டர் ஃபென்டன்?"

"பழைய... பழைய வீடு. சின்ன வயசுலேர்ந்து..."

"சின்ன வயசுல அங்க கொக்கி இல்ல சார்," என்றாள் மிஸஸ் மாக்ஸன். "எதுவுமே இல்ல."

ஹெஸ்டர் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "பாடம் முடிஞ்சா அறை ஒழுங்காகும்னு நினைச்சீங்க. பாதிதான் சரி. பாடத்தோட முதல் பாதி எடுத்து வைக்கும். பின்பாதி கவிழ்க்கும், கிழிக்கும், விளக்கை அணைக்கும். விட்டோல்ட் பாடம் முடிச்சிருந்தா பட்டனெல்லாம் தரையில சிதறியிருக்கணும், விளக்கு அணைஞ்சிருக்கணும். நீங்க குறுக்கெழுத்துப் போட்ட பேப்பர் துண்டு துண்டாக் கிடந்திருக்கணும். பாடமே நடக்கல. பாடத்துக்காகக் கலைச்சு வெச்ச அறையை யாரோ எடுத்து வெச்சிருக்காங்க. மாணவங்களா இருந்தா இந்த அலங்கோலம் பாடத்துக்குன்னு தெரியும், பாதியோட நிறுத்தியிருக்க மாட்டாங்க. மிஸஸ் மாக்ஸன் தொடவே மாட்டாங்க."

"அப்போ யாரு?" என்றார் ஹாடோ. குரல் இறங்கியிருந்தது.

"இருட்டுல, கணப்பு வெளிச்சத்துல அத்தையோட சண்டை போட்டவர். தள்ளிவிட்டார். விழுந்தாங்க. பயந்துபோய் விளக்கைப் போட்டார். பார்த்தா நாற்காலி கவிழ்ந்திருக்கு, கோட்டு தரையில கிடக்கு. 'ஐயோ, இவ்வளவும் நானா பண்ணினேன்? தானா விழுந்தாங்கன்னு யார் நம்புவாங்க?' எல்லாத்தையும் நிமிர்த்தினார். கோட்டை எங்க மாட்டுறதுன்னு பார்த்தார், மூடின கதவுல கொக்கி தெரிஞ்சுது. தான் செய்யாத அலங்கோலத்தைச் சரி பண்ணித்தான் மாட்டிக்கிட்டார்."

லயனல் கண் எடுக்காமல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ யாரோ கதவைத் தட்டினாங்க," என்றான் மெதுவாக. "நான் மூச்சை அடக்கிட்டு இங்கேயே நின்னேன். அத்தைக்கு... அப்ப இன்னும் உயிர் இருந்துச்சு."

விட்டோல்ட் ஒரு சத்தம் எழுப்பினான். அழுகையா கோபமா என்று சொல்ல முடியவில்லை. கதவின் இந்தப் பக்கம் அவள் மூச்சு ஊசலாட, அந்தப் பக்கம் அவன் தட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

லயனலைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விட்டோல்டின் விலங்கைக் கழற்றிவிட்டு இன்ஸ்பெக்டரும் வெளியே போனார். லிடியா ஓடிவந்து புருஷனின் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போகலாம் வாங்க."

"இரு. பாடம் பாக்கி இருக்கு."

விட்டோல்ட் மேஜைக்குப் போனான். பட்டன் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தான். பட்டன்கள் அந்தக் கறைவரை உருண்டோடின. செய்தித்தாளை எடுத்து நிதானமாகக் கிழித்தான். ஒவ்வொன்றுக்கும் உரிய வாக்கியத்தைத் தப்பில்லாமல், வால் பிசகாமல் உரக்கச் சொன்னான். பதில் சொல்ல வேண்டிய குரல் மட்டும் வரவில்லை. சிரில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

கடைசியில் விட்டோல்ட் விளக்கருகே நின்றான்.

"ஐ டர்ன் ஆஃப் த லாம்ப்," என்றான். "ஐ கோ அவுட்."

அறை இருண்டது. அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள்.