ரெக்கார்டிங் நடக்கிறது... திறக்காதீர்!

நாற்பத்தியொரு லட்சத்து எழுபத்தாறாயிரத்து ஐந்நூறு!

அவள் கட்ட வேண்டிய கடன் அவ்வளவு.

அதை வாங்க வேண்டிய மனிதர் டப்பிங் அறைத் தரையில் மல்லாந்து கிடந்தார். நெற்றியில் ரத்தம்... கண் மூடியிருந்தது... வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ஐயா... ஐயா! எந்திரிங்கய்யா!"

ஐயா எழுந்திருக்கவில்லை.

இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அவர் உயிரோடு இருந்தார். வெறும் உயிரோடு அல்ல, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"வட்டி கட்ட வக்கில்ல, உனக்கெல்லாம் எதுக்கும்மா சினிமா?"

"இன்னைக்கு மதியம் மொத்தமா கட்டிடறேன்னு சொல்றேன்ல? பாக்கி இல்லைன்னு ஒரு லெட்டர் மட்டும் குடுங்கய்யா!"

"லெட்டரா? பையைக் குடு இங்க!"

அவர் அவள் கைப்பையைப் பிடித்து இழுத்தார். அவள் தள்ளினாள். ஒரே ஒரு தள்ளு! சுமைக்காரன் தோளிலிருந்து நழுவிய சிமெண்ட் மூட்டை மாதிரி சரிந்தார். கூடவே மைக் ஸ்டாண்டும் சாய்ந்தது. அவ்வளவுதான்... அசைவில்லை.

சினிமாவில் அவருக்குப் பெயர் 'ஷட்டர்'. அவர் கடன் கொடுத்த படங்களுக்குத் தியேட்டர் ஷட்டர் ஏறாது. ரிலீஸுக்கு முந்தின நாள் வட்டிக் கணக்கோடு வந்து நிற்பார். மறுநாள் படம் அவர் பெயரில் இருக்கும்.

அவளுக்கு 'பலகைக்கார அக்கா' என்று பெயர். கட்டடங்களுக்கு கான்கிரீட் போடும்போது முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங் பலகைகளை வாடகைக்கு விட்டவள். பதினெட்டு வருட உழைப்பு. பலகை, கம்பி, கலவை மெஷின் எல்லாவற்றையும் விற்று ஒரே ஒரு படம் எடுத்தாள். அப்படியும் போதாமல் ஷட்டரிடம் இருபத்திரண்டு லட்சம் வாங்கினாள். இருபது மாதத்தில் அது நாற்பத்தியொன்றாக ஊதிவிட்டது.

படத்தில் பெரிய நடிகர் கிடையாது, பாட்டு கிடையாது. ஒரு வருடமாக எவனும் சீண்டவில்லை. போன வாரம்தான் ஓர் ஆன்லைன் கம்பெனி, 'ஒரு கோடியே பத்து லட்சம் தருகிறோம்' என்றது. நிபந்தனை ஒன்று. கடன் கொடுத்தவரின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் இன்று மதியம் ஒரு மணிக்குள் வர வேண்டும். இல்லாவிட்டால் வேறு படம் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது மணி பதினொன்று இருபது.

கடிதம் தர வேண்டியவர் பிணம்!

அவள் கதவுக்கு ஓடினாள். கைப்பிடியைத் திருகினாள்.

பூட்டியிருந்தது!

"யாராவது இருக்கீங்களா? கதவைத் திறங்க! தம்பி... சவுண்டு தம்பி!"

கத்தியது அவள் காதுக்கே முழுதாக எட்டவில்லை. நாலு சுவரிலும் பஞ்சு மெத்தை. கூரையிலும் மெத்தை. இந்த அறைக்குள் குண்டு வெடித்தால்கூட வெளியே இருக்கிறவன் கொட்டாவிதான் விடுவான்.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியேயும் இதேபோல ஒன்று எரியும். அது எரிந்தால் யாரும் கதவைத் தொடக்கூடாது. ஸ்டுடியோ சட்டம்!

அப்போது...

தரையில் கிடந்த ஹெட்போனுக்குள்ளிருந்து ஒரு குரல்!

"அண்ணீ..."

குனிந்து எடுத்து மாட்டினாள்.

"அண்ணி, கண்ணாடியைப் பாருங்க."

பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு இஞ்சினியர் உட்கார வேண்டிய நாற்காலியில் அவள் கணவனின் தம்பி உட்கார்ந்திருந்தான். இந்தப் படத்துக்கு அவன்தான் மேனேஜர். ஷட்டரோடு பேச இந்த அறையை ஏற்பாடு செய்தவனும் அவன்தான்.

"தம்பி! வந்துட்டியா? கதவைத் தொறப்பா! ஐயா விழுந்துட்டாரு, பேச்சு மூச்சில்ல!"

"பார்த்தேன் அண்ணி. நீங்க தள்ளினதைத்தான் முதல்ல பார்த்தேன்."

"நான் வேணும்னு தள்ளல..."

"அதைக் கோர்ட்ல சொல்லுங்க."

"என்ன பேசற நீ?"

"சவுண்டு தம்பிக்கு லீவு குடுத்து அனுப்பிட்டேன். ரூம் சாயந்திரம் வரைக்கும் நம்ம பேர்ல புக். லைட்டு வேற எரியுது... ஒரு பய வரமாட்டான். உங்க போனும் இங்கதான் இருக்கு. உங்களுக்கு ரெண்டே வழி."

"தம்பி..."

"வசனப் பேப்பர் வைக்கிற பலகைல ஒரு பத்திரம் இருக்கு பாருங்க. படத்தோட மொத்த உரிமையும் என் பேருக்கு. கையெழுத்துப் போடுங்க. நான் ஐயா ஆளுங்ககிட்ட மாரடைப்புன்னு சொல்லிக்கறேன். போடலையா, போலீஸுக்குப் போன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க அண்ணனுக்குத் தெரியுமாடா இது?"

"அண்ணனை இழுக்காதீங்க."

"நீ படிக்க ஃபீஸ் கட்டினது யாரு? உன் கல்யாணத்துக்குக் காதுத் தோட்டை வித்தது யாரு?"

"கட்டினீங்க, வித்தீங்க... அதையே எத்தனை வருசம் சொல்லிக் காட்டுவீங்க? மணி பதினொன்னரை. போடுங்க!"

அவள் ஷட்டரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கப் போனாள்.

"தொடாதீங்க அண்ணி! ரேகை படும்!"

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

மேலே மெத்தை. சுற்றிலும் மெத்தை. காற்றுகூட வெளியே போக யோசிக்கும் அறை. அதற்குள் அவளும் ஒரு பிணமும்.

பேனாவை எடுத்தாள். அழுகை முட்டியது. அவன் முன்னால் அழக்கூடாது என்று மூச்சை இறுக்கிப் பிடித்தாள்.

ஹெட்போனில் கேட்ட மூச்சுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை!

ஸ்... ஹ்ர்ர்... ஸ்... ஹ்ர்ர்...

அவள் பேனா நின்றது.

இதே அறையில் இருபது நாள் டப்பிங் நடந்தது. நடிகர்களுக்குப் பின்னால் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சவுண்டு தம்பி கையைத் தூக்குவான். "அக்கா, யாரோ மூச்சு விடறாங்க. இன்னொரு தடவை போகலாம்." அந்த மைக் அப்படி. சட்டைப் பொத்தான் உரசினால்கூடப் பிடிக்கும்.

கொழுந்தன் குரல் அவன் பொத்தானை அழுத்தினால்தான் வரும். இப்போது அவன் கை தாடையில் இருந்தது.

தன் மூச்சு? அடைத்து வைத்திருக்கிறாள்.

அப்படியானால்...

மெல்லக் குனிந்து பார்த்தாள். சாய்ந்த மைக், ஷட்டரின் மூக்குக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

பிணம் மூச்சு விடுகிறது!

முதலில் வயிறு குளிர்ந்தது. நான் யாரையும் கொல்லவில்லை!

அடுத்த நொடி அதே வயிறு எரிந்தது. நாடியைப் பார்க்க விடாமல் அவன் தடுத்தது இதற்குத்தானா?

இன்னொன்றும் உறைத்தது. சிவப்பு விளக்கு தனியாக எரியாது. ரெக்கார்டிங் பொத்தானை அமுக்கினால்தான் எரியும். டப்பிங் நடந்த இருபது நாளும் கொழுந்தன் இந்தப் பக்கமே தலை காட்டியதில்லை. பில் போடுவதோடு சரி. விளக்கு எரிந்தால் போதுமென்று அமுக்கியிருக்கிறான். ஹெட்போனிலிருந்து கசியும் தன் குரல் உட்பட அத்தனையும் பதிவாகிறது என்று அவனுக்குத் தெரியாது!

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி தம்பி, போடறேன். எனக்குச் சரியாப் புரியணும். நான் கையெழுத்துப் போட்டா, இந்தக் கொலையை நீ மறைச்சுடுவே. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"போடலைன்னா நான் வெளிய போக முடியாது."

"கதவு தொறக்காது. போலீஸ் வந்துதான் தொறக்கும்."

"படத்தை நீ அந்தக் கம்பெனிக்கு வித்துக்குவே?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? போடுங்க!"

"போடறேன்... அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு."

ஷட்டரின் இடுப்பில் ஒரு தோல் பை உண்டு. தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டார். கடன்காரர்களின் தலையெழுத்தெல்லாம் அதற்குள். அவள் மண்டி போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"செத்தவருக்கு இது எதுக்கு தம்பி?"

"ரேகை படும்னு சொல்றேன்ல!"

"கொலையே பண்ணிட்டேனாம், ரேகைக்கா பயப்படப் போறேன்?"

உள்ளே அவள் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம். கூடவே தொகை நிரப்பாமல் வாங்கி வைத்திருந்த ஆறு செக்.

முதல் செக்கைக் கிழித்தாள். சர்ர்ர்!

ஹெட்போனில் மூச்சு வேகமானது. ஸ் ஹ்ர் ஸ் ஹ்ர்...

"பாவம், நல்ல மனுசன்." இரண்டாவது செக். சர்ர்ர்! "வட்டிக்கு வட்டி போட்டாலும் சிரிச்சுக்கிட்டே போடுவாரு." மூன்றாவது. நான்காவது.

"அண்ணி, நிறுத்துங்க!"

"நீ ஏன்டா பதறுறே? கடன் என்னோடது... செத்தது அவரு. உனக்கு என்ன நஷ்டம்?"

கொழுந்தன் நாற்காலியிலிருந்து எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். கதவைத் திறந்தால் அண்ணி வெளியே ஓடிவிடுவாள். திறக்காவிட்டால் கடன் பத்திரம் போய்விடும். இப்போது மாட்டிக்கொண்டது யார்?

ஐந்து... ஆறு! செக்குகள் தீர்ந்தன.

பிணத்தின் கழுத்தில் வேர்வை வழிந்தது.

கடைசியாகக் கடன் பத்திரத்தைத் தூக்கிப் பிடித்தாள். அவர் முகத்துக்கு நேராக. மெதுவாக ஓரத்தில் ஒரு கிழி...

"அடியேய்! நாப்பத்தொரு லட்சம்டீ!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

"ஐயா, படுங்க! படுங்கய்யா!" ஹெட்போன் அலறியது.

"என்னத்தடா படுக்கறது? அவ கிழிக்கறா, நீ வேடிக்கை பார்க்கறே!"

"எந்திரிச்சுக் காரியத்தைக் கெடுத்துட்டீங்களே! அஞ்சு நிமிசம் பொறுத்திருந்தா கையெழுத்துப் போட்டிருப்பா. ஒரு கோடியில பாதி உங்களுதுன்னு சொன்னேன்ல!"

அவள் சிரித்தாள். இருபது மாதத்தில் முதல் சிரிப்பு.

"நெத்தியைத் தொடைச்சுக்கங்கய்யா, ஈ மொய்க்கப் போகுது. தம்பி, சண்டைக் காட்சிக்கு மூணு லிட்டர் ரத்தம்னு பில் போட்டே... மீதி எங்க போச்சுன்னு இப்பத்தான் தெரியுது."

"சிரிங்க அண்ணி, நல்லாச் சிரிங்க! கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கு. நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் உள்ளதான்!"

"நீ பேசினது பூரா ரெக்கார்ட் ஆயிருக்குடா. விளக்கு சும்மா எரியுமா?"

கொழுந்தன் திடுக்கிட்டு மெஷினைப் பார்த்தான். திரையில் பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு நொடி முகம் வெளுத்தது. பிறகு பல்லைக் காட்டினான்.

"தேங்க்ஸ் அண்ணி. சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இதோ, அழிச்சுடறேன்..."

அவள் சிரிப்பு செத்தது. அவசரப்பட்டு வாயை விட்டுவிட்டாள்! ஒரு பொத்தான்... எல்லாம் போச்சு!

அவன் விரல் பொத்தானை நெருங்கியது.

பின்னாலிருந்து ஒரு வளையல் கை அவன் சட்டைக் காலரைப் பிடித்தது!

"கையை எடுடா!"

ஸ்டுடியோ முதலாளியம்மா. கூடவே சுவர் மாதிரி இரண்டு காவலாளிகள்.

"அம்மா... லைட்டு எரியுதே, நீங்க எப்படி..."

"யார் ரூம்ல எரிஞ்சாலும் தொறக்க மாட்டேன். வாடகை பாக்கி வச்சவங்க ரூம்ல எரிஞ்சா தொறப்பேன்! உங்க படம் எனக்கு அம்பத்தெட்டாயிரம் பாக்கி. பாக்கிப் பார்ட்டி ரெக்கார்டிங்கைப் போட்டா மேல என் டேபிள்ல மணி அடிக்கும். பதிவாகற சத்தமும் அங்க கேக்கும். 'எவன்டா காசு குடுக்காம ஓட்டறான்'னு கேக்க உட்கார்ந்தேன்... நல்ல படம் ஓட்டினீங்கடா! ஒரு காப்பியும் எடுத்துட்டேன்."

கதவு திறந்தது. பலகைக்கார அக்கா மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். யாரும் கையைத் தூக்கவில்லை.

"அக்கா, போலீஸைக் கூப்பிடவா?" என்றாள் முதலாளியம்மா.

ஷட்டர் இரண்டு கையையும் கூப்பினார். "ஏம்மா, வேணாம்மா! போலீஸ் வந்தா என் பையிலிருக்கிற மத்த பத்திரத்தையும் பார்ப்பாங்க... என்ன வேணும்னாலும் எழுதித் தரேன்."

"எழுதுங்க."

ஷட்டர் எழுதினார். 'கடன் தொகை நாற்பத்தியொரு லட்சத்து எழுபத்தாறாயிரத்து ஐந்நூறும் தள்ளுபடி. படத்தின் மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை. வெளியிட ஆட்சேபணை இல்லை.' கையெழுத்து. தேதி. முதலாளியம்மா சாட்சி.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குக் கடிதம் கம்பெனிக்குப் போனது. பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குப் பதில் வந்தது. 'பெற்றுக்கொண்டோம். படம் எங்களுடையது.'

"அண்ணி... நான்?" கொழுந்தன் மூலையில் நின்றான்.

"உன்னை நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். சாயந்திரம் உங்க அண்ணனைப் பக்கத்துல உட்கார வச்சு இந்தக் காப்பியைப் போட்டுக் காட்டுவேன். நீயும் வா."

"அதுக்குப் போலீஸே பரவாயில்ல அண்ணி!"

ஷட்டர் இடுப்புப் பையைத் தடவிக்கொண்டே வாசல் வரை போனார். நின்றார். திரும்பினார்.

"ஏம்மா... அவ்வளவு பணம் போட்டிருக்கேன். படத்துல என் பேராவது வருமா?"

"வராம இருக்குமா ஐயா? முதல் கார்டே உங்களுதுதான்... 'மறைந்த'ன்னு ஆரம்பிக்கும்!"